மூன்று கால் குதிரையின் வாரிசுகள்

ஊரில் திடீரென்று ராஜாக்கள் பெருத்துவிட்டார்கள்.

நேற்றுவரை கேனில் பால் கொண்டுவந்து ஊற்றியவர் இன்று இளவரசர். தபால்காரர் பரம்பரைத் தளபதி. ஆகவே சைக்கிள் மணி அடிக்கமாட்டார், கடிதம் வேண்டுமானால் நாம்தான் வாசலுக்கு வந்து பணிவாக நிற்கவேண்டும். முடிதிருத்தும் கடையில் "உக்காருங்க" போய் "அமருங்கள்" வந்துவிட்டது. பல் டாக்டர் ஒருவர் தமக்கு அரச வம்சம் என்று வாசலில் பலகை மாட்டிக்கொண்டு, அதே பழைய குறடால் பல்லைப் பிடுங்கினார். வலி மட்டும் குடிமக்களுக்கு வலிக்கிற மாதிரியே வலித்தது.

எல்லாம் மரச்சாமான் கடையின் மாடியில் வந்து இறங்கிய வம்சஜோதியின் புண்ணியம். வம்சஜோதி என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டம். ஊரார் வம்சத்தையெல்லாம் தோண்டி எடுக்கிற அந்த மனிதர் தம் வம்சத்தைப் பற்றி மட்டும் மூச்சு விட்டதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அவருடைய முறை ரொம்ப எளிது. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்வார்களே, அந்தச் சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றைச் செருகிக்கொள்வார். உங்கள் காதைப் பிடித்து உற்றுப் பார்ப்பார். "ஆகா! இந்த மடலை நான் எங்கேயோ பார்த்திருக்கேனே!" என்பார். காது பொய் சொல்லாதாம். காதில் பூச் சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். காதையே மூலதனமாக வைத்துத் தொழில் செய்தவர் இவர் ஒருவர்தான்.

அவரிடம் மூன்று முன்னோர்கள் கைவசம் இருந்தார்கள். ஒரு புலவர், ஒரு தளபதி, வெண்புரவி வேந்தர் என்று ஒரு ராஜா. புலவர் விலைபோகவில்லை. பட்டினி கிடந்த ஆளை எவன் பாட்டன் என்று சொல்லிக்கொள்வான்? தளபதி சுமார். வேந்தருக்குத்தான் மாடிப்படி முழுக்க வரிசை. கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தால், உள்ளறையிலிருந்து வேந்தரின் படம் ஒன்று சட்டம் போட்டு வரும். வெள்ளைக் குதிரை, மகுடம், மீசை. நடுவில் அச்சு அசலாக உங்கள் மூக்கு! உள்ளறைக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். அதன் இடுக்கு வழியாகப் பெயிண்ட் வாசனை வரும். பழைமையின் வாசனை என்று பக்தர்கள் அதையும் முகர்ந்துகொண்டார்கள்.

அப்படி ஒரு படத்தை அணைத்துக்கொண்டு பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்த மாலையில்தான், அவர் மனைவி தையல்காரம்மாவுக்குச் சோதனை பிடித்தது.

"யாருன்னு தெரியுதா?" என்றார் பூட்டுக்காரர், படத்தை மெஷின்மேல் சாய்த்து.

தையல்காரம்மா பாதித் தையலில் மெஷினை நிறுத்தினாள். "மூக்கு உங்களுது. ஆளு யாரு, சர்க்கஸ்காரரா?"

"வாயைக் கழுவு. என் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன்! வெண்புரவி வேந்தர்!"

"அது சரி. குதிரைக்கு ஏன் மூணு கால்தான் இருக்கு?"

பூட்டுக்காரர் அப்போதுதான் எண்ணிப் பார்த்தார். மூன்றுதான் இருந்தது. "பாய்ச்சல்ல இருக்குடி. ஒரு கால் தெரியாது" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவர்களை நமக்குத் தெரியும். இவர் ஒரு படி மேலே போய்க் குதிரைக்குச் சாதித்தார்.

சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் தையல்காரம்மா நினைத்தாள். ஆனால் மறுநாளே மனிதர் கடையைத் திறக்கவில்லை. இளவரசர் சாவிக்கு அரம் தேய்ப்பாரா? கூடத்தில் சாய்ந்துகொண்டு "யாரங்கே! தண்ணீர் கொண்டு வா!" என்றார். அங்கே இருந்தது இவள் ஒருத்திதான். பேச்சும் மாறிப்போயிற்று. "சட்னி" என்று கேட்கிற இடத்தில் "தொடுகறி" என்றார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். மகளின் கல்யாணத்தில் கை வைத்தார் பாருங்கள், அங்கேதான் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

மகள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். எதிர்த்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறவருக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி முடித்து, மண்டபமும் சொல்லியாயிற்று. இப்போது பூட்டுக்காரர் சொன்னார்: "இந்தச் சம்பந்தம் வேண்டாம். அரச ரத்தம் அடுப்படிக்குப் போவதா?"

"அந்த அடுப்புல வெந்த ரொட்டியைத்தானே தினம் காலையில முழுங்குறீங்க? அப்ப ரத்தம் எங்க போச்சு?"

"எள்ளி நகையாடாதே!"

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த ராஜாவோட குதிரைக்குப் புல்லு போட ஒருத்தன் இருந்திருப்பான்ல? அவனும் புள்ளை குட்டி பெத்திருப்பான்ல? அவன் பேரன் பேத்தியெல்லாம் எங்க போனாங்க? இந்த ஊர்ல ஒருத்தரைக்கூடக் காணோமே!"

பூட்டுக்காரர் பதில் இல்லாதவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தார். எழுந்து போய்ப் படத்தைத் துடைத்தார்.

அன்று மகள் சாப்பிடவில்லை. "அப்பா நல்லவருதாம்மா. அந்தப் படம் வந்ததிலிருந்துதான் இப்படி. ரொட்டிக்கடைக்காரருகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?" என்று தாயின் தோளில் விழுந்து அழுதாள். தையல்காரம்மா மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். தான் பெற்ற பெண்ணின் வாழ்வை, கண்ணால் பார்க்காத ஒரு ராஜா, அதுவும் முக்கால் குதிரையில் வந்து கெடுப்பதா?

மறுநாள் அவளே மாடிப்படி ஏறினாள். இன்னார் மனைவி என்று சொல்லவில்லை. வரிசையில் நின்றாள், காதை நீட்டினாள். வம்சஜோதி கண்ணாடியைச் செருகிக்கொண்டு, "ஆகா!" என்றார். "சாதாரணக் காதாம்மா இது? வெண்புரவி வேந்தர் காது!"

"பொண்ணு வழியிலயா சாமி, ஆம்பளை வழியிலயா?"

"என்ன கேள்வி கேட்டீங்க! வேந்தருக்கு ஒரே மகன். அவருக்கும் ஒரே மகன். அவருக்கும் ஒரே மகன். கிளையே கிடையாது. நேர்க்கோடு! பொண்ணு வழி கலக்காம, தகப்பன், பாட்டன், பூட்டன், ஓட்டன்னு உங்க அப்பா வரைக்கும் வருது."

பூட்டுக்காரர் வீட்டில் வந்து ஒப்பித்ததும் இதே பாட்டுதான், ஒரு சொல் மாறாமல். தையல்காரம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். வேந்தரின் முகத்தில் இப்போது அவள் மூக்கு. மூக்குக்குக் கீழே அதே மீசை. கீழே அதே மூன்று கால். கட்டிய பணத்தை நினைத்தால் நெஞ்சு வலித்தது. இருந்தாலும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கணவர் படத்துக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டினாள்.

காலையில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். "அண்ணே, காப்பி."

பூட்டுக்காரருக்குப் புரையேறியது. "யாரடி அண்ணேங்குறே?" செந்தமிழ் ஒரே நொடியில் பறந்துவிட்டது.

"உங்களைத்தாண்ணே. அந்த ராஜா உங்க அப்பா வழியிலயும் பாட்டன், எங்க அப்பா வழியிலயும் பாட்டன். அப்ப நாம ரெண்டு பேரும் பங்காளி. பங்காளி முறையில நீங்க எனக்கு அண்ணன். கணக்கு சரிதானே?"

"ஏய், சும்மா இருடி!"

"நான் சும்மாதான் இருக்கேன். இந்தப் புள்ளைதான் பாவம், குழம்பிப் போயிருக்கு. உங்களை இனிமே அப்பான்னு கூப்பிடணுமா, தாய்மாமான்னு கூப்பிடணுமா?"

கூடத்தில் நின்ற மகள் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். "மாமா, குளிக்க வெந்நீர் வெக்கட்டுமா?" என்றாள்.

பூட்டுக்காரர் காப்பியை அப்படியே வைத்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை மாடியில வாரிசுங்க மாநாடு இருக்கு. நேர்லயே கேட்டுருவோம். ஏதாவது விளக்கம் இருக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் நிற்க இடமில்லை. அவரவர் படத்தோடு வரவேண்டும் என்று உத்தரவு. எல்லாரும் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரமாகச் சாய்த்திருந்தார்கள். எங்கே திரும்பினாலும் மூன்று கால் குதிரை. ஒரே ராஜா, ஆளுக்கொரு மூக்கு. சப்பை மூக்கு ராஜா, கிளி மூக்கு ராஜா, மூக்குத்தி போட்ட ராஜா. இதை ஒருவரும் கவனிக்கவில்லை என்றால் ஆச்சரியமாக இருக்கிறதா? எல்லாரும் தங்கள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் குதிரையின் காலை யார் பார்ப்பது?

வம்சஜோதி மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்து, "வேந்தருக்கு ஒரே மகன்! அவருக்கும் ஒரே மகன்!" என்று தொடங்கினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தையல்காரம்மா எழுந்தாள்.

"சாமி, ஒரு சந்தேகம். இவரு என் வீட்டுக்காரரு. இவருக்கும் எனக்கும் ஒரே ராஜாவைக் குடுத்திருக்கீங்க, ரெண்டு பேருக்கும் அப்பா வழியில. அப்ப நாங்க அண்ணன் தங்கச்சிதானே?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. கிளம்பின வேகத்திலேயே அடங்கியது. ஏனென்றால் பால்காரர் தம் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரோரம் சாய்ந்திருந்த அவர் படத்தைப் பார்த்தாள். பல் டாக்டர் நாற்காலியைத் தம் சம்சாரத்திடமிருந்து சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, அது... உங்களுது வேற கிளை" என்றார் வம்சஜோதி.

"கிளையே கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நேர்க்கோடுன்னீங்களே!"

"ஆமாங்க, எங்கிட்டயும் நேர்க்கோடுன்னுதான் சொன்னாரு" என்றது ஒரு குரல். "எங்கிட்டயும்!" "எங்கிட்டயும்!"

"சரி, அதையும் விடுங்க" என்றாள் தையல்காரம்மா. "அப்பனுக்கு ஒரே மகன். அவனுக்கும் ஒரே மகன். அவனுக்கும் ஒரே மகன். இப்படியே வந்தா கடைசியில எத்தனை பேரு மிஞ்சணும்? ஒரே ஒரு ஆளுதானே? இங்க மாடி இடிஞ்சு விழுற அளவுக்கு உக்காந்திருக்கோமே! இதுல அந்த ஒருத்தர் யாரு? மத்தவங்க எல்லாம் யாரு வீட்டுப் புள்ளைங்க?"

மனக்கணக்குப் போடுகிற சத்தம் என்று ஒன்று இருந்தால் மாடியில் அதுதான் கேட்டிருக்கும்.

"ரத்தத்தைச் சந்தேகப்படக் கூடாது! வேந்தர் கோபிப்பார்!" என்று வம்சஜோதி கத்தினார்.

அப்போது பூட்டுக்காரர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "அந்தக் கொண்டை ஊசியைக் குடு" என்றார் மனைவியிடம். "யாரங்கே" எல்லாம் இல்லை. நேரே உள்ளறைக் கதவிடம் போனார். குனிந்து பூட்டைப் பார்த்தார். அவர் கடையில் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கிற ரகம். ஒரு திருகு. கதவு வாயைப் பிளந்தது.

உள்ளே ஒரு ஓவியர், கையில் தூரிகையோடு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி அடுக்கடுக்காக ராஜாக்கள். எல்லாரும் குதிரைமேல், எல்லாருக்கும் மகுடம், எல்லாருக்கும் மீசை. ஒருவருக்கும் மூக்கு இல்லை.

"மூக்கு மட்டுந்தாங்க என் வேலை" என்றார் ஓவியர், பாவமாக. "அந்த ஓட்டை வழியா உங்களைப் பாத்து எழுதிடுவேன். குதிரை அச்சாபீஸ்ல இருந்து வந்தது. ஒரு கால் அச்சுல விழலைன்னு நான் அப்பவே சொன்னேன். எவன் பாக்கப் போறான்னாரு."

எல்லாரும் ஒன்றாக மேடைப் பக்கம் திரும்பினார்கள். மேடையில் ஒலிபெருக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பின்படியில் தடதடவென்று சத்தம். வசூல் பெட்டியைக்கூட எடுக்க நேரமில்லாமல் மனிதர் பறந்துகொண்டிருந்தார். பாட்டன் தெரியும், பூட்டன் தெரியும். ஓட்டன் என்றால் யார் என்று ஊர் அன்றுதான் கண்ணால் கண்டது. பெட்டியைத் திறந்து அவரவர் பணத்தை அவரவருக்குக் கொடுத்தார்கள். உடைபட்ட மூக்குகளைத்தான் யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பூட்டுக்காரர் வீட்டுக்குப் போகிற வழியில் ரொட்டிக்கடை வாசலில் நின்றார். "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். "ஒரு ரொட்டி குடுங்க. சூடா இருக்கட்டும்." அதற்கு மேல் மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியவில்லை, ரொட்டிக்கடைக்காரரும் கேட்கவைக்கவில்லை. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அந்த இரண்டு படங்களும் தையல் மெஷின் ஆடாமலிருக்க அடியில் முட்டுக்கொடுக்கப் போயின. குதிரைக்கு இல்லாத காலை மெஷினுக்குக் கொடுத்தார்கள்.

கொஞ்ச நாளில் அதே மாடிக்கு வேறொரு பலகை வந்தது: 'போன பிறவியில் நீங்கள் யார்? உள்ளங்காலைக் காட்டுங்கள், சொல்கிறோம்.' பால்காரர் அதற்குள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கடைக்குப் போகிற வழியில் பூட்டுக்காரரும் பலகையைப் பார்த்தார். நடை தயங்கியது. ஒரு கால் படியில் ஏறியும்விட்டது.

"அண்ணே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

பூட்டுக்காரர் காலை எடுத்துவிட்டு, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு கடையைப் பார்க்க நடந்தார்.

அவரைக் கூப்பிட்டு நிறுத்த வீட்டில் ஒருத்தி இருந்தாள். உங்களையும் என்னையும் யார் நிறுத்துவது? மகுடம் மாட்டிக்கொள்ள மட்டும்தான் தலை என்று நினைக்கிறவரைக்கும், ஊருக்கு ஒரு மாடி காலியாகவே இருக்கும். வாடகைக்கு வர ஆளும் இருக்கும்.