குளித்துக்கொண்டே இருந்த ஹேபர்லே

எஸ்லிங்கன்,
வியாழக்கிழமை மாலை.

பாசமுள்ள தங்கை இர்ம்கார்டுக்கு, அண்ணன் ஓட்மார் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்கால் ஒன்றைத் தவிர மற்ற யாவும் சுகம். உன் சுகத்தையும் உன் பூனையின் சுகத்தையும் அறிய ஆவலாயிருக்கிறேன்.

நிற்க. போன தடவை தொலைபேசியில் நீ சொன்னது இன்னும் காதில் ரீங்காரம் போடுகிறது. "அண்ணா, உங்களுக்கு மறதி கூடிப்போச்சு. குன்று மேல இருக்கிற முதியோர் இல்லத்துல ஒரு அறை சொல்லி வச்சிருக்கேன். மாசக் கடைசியில வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாய். எனக்குப் போக இஷ்டமில்லை இர்ம்கார்ட். என் நாற்காலியையும் என் ஜெரேனியச் செடிகளையும் விட்டுவிட்டு அங்கே போய், வெயில் இறங்குமுன்னே ராச்சாப்பாடு சாப்பிடுகிற கூட்டத்தோடு உட்கார என்னால் முடியாது. ஆனால் இந்த வாரம் நடந்ததைப் பார்த்து, தங்கச்சி சொன்னது நிஜம்தானோ என்று நானே ஆடிப்போய்விட்டேன். அதனால் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே சொல்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தேவாலய மணி ஓய்ந்து ஊரே அமைதியாக இருக்கிறது. மாடிப்படியில் வாளி உருளும் சத்தம், தேய்க்கிற சத்தம். ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமையில்! கதவைத் திறந்து பார்த்தால் ஆளைக் காணோம், படியெல்லாம் ஈரம். இது மேல்வீட்டு ஹேபர்லே குடும்பத்து வேலைதான், அவர்கள் முறை வரும்போதெல்லாம் இப்படித்தான். வீட்டுக்கு வீடு மாறுகிற முறைப் பலகை தன் கதவில் தொங்குகிற வாரம், சனிக்கிழமைக்குள் படியைக் கூட்டி முடிக்கத் துப்பில்லையா? நான் இந்த வீட்டில் குடியேறிய நாளிலிருந்து என் முறையை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை, அது உனக்கே தெரியும். நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமென்று மேலே போய் மணியடித்தேன். உள்ளேயிருந்து ஹேபர்லேயின் குரல்: "இப்ப வர முடியாது, குளிச்சிட்டிருக்கேன்." சரி, மனுஷன் குளிக்கட்டும் என்று இறங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை மறுபடி போனேன். "இப்ப வர முடியாது, குளிச்சிட்டிருக்கேன்." செவ்வாய்க்கிழமையும் அதே குரல், அதே இழுப்பு, நடுவில் அதே இருமல். எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. அவர் இன்னும் குளிக்கிறாரா, இல்லை எனக்கு இன்னும் ஞாயிற்றுக்கிழமையே முடியவில்லையா? கீழே வந்து செய்தித்தாளில் தேதி பார்த்தேன், அதுவும் நம்பிக்கையில்லாமல் ரொட்டிக்கடைக்காரியிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்து, பிரெட்ஸலோடு ஒரு கேக் துண்டையும் இனாமாகக் கொடுத்தாள். அதுதான் என்னை இன்னும் கலக்கிவிட்டது.

புதன்கிழமைதான் மோசம். ஹேபர்லே பால்கனியில் கம்பளிக் கோட்டும் தொப்பியும் போட்டு, கொளுத்துகிற வெயிலில், தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். வணக்கம் சொன்னேன். பதில் இல்லை. சரி, வாளி சமாச்சாரத்தில் கோபம் போல என்று நினைத்தேன். அப்புறம் ஒரு காற்று அடித்தது பாரு, அவர் தலை கழண்டு என் ஜெரேனியத் தொட்டியில வந்து விழுந்துச்சு. எடுத்துப் பார்த்தா கால்பந்து. அதை ஒரு பையில போட்டு அவங்க கதவுப் பிடியில மாட்டிட்டு வந்தேன், வேற என்ன செய்யறது, அண்டை வீட்டுக்காரர் தலையாச்சே.

இன்னிக்கு மத்தியானம் மேல இருந்து தீய்ஞ்ச வாடை. ஓடினேன், என் முழங்காலுக்கு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. கதவைத் தட்டினா "இப்ப வர முடியாது, குளிச்சிட்டிருக்கேன்"னு குரல். "குளிச்சுக்கிட்டே தீய வைக்கிறீரா"ன்னு கத்தினேன். கதவு திறந்துச்சு. மூத்தவ ஸ்வென்யா நிக்கிறா, கழுத்துல அப்பாவோட டை. பின்னால தம்பி டில், கையில ஒரு கைபேசி, அதுல இன்னும் ஹேபர்லே குளிச்சிட்டிருக்கார். பால்கனியில துடைப்பக்கட்டைக்கு மாட்டின கோட்டு, அடுப்புல சட்டி கருகிப்போச்சு, ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸுக்குப் பிசைஞ்ச மாவு கூரையில ஒட்டியிருக்கு, வீட்ல பெரியவங்க ஒருத்தர்கூட இல்லை.

அடுப்பை அணைச்சு, ஜன்னலைத் திறந்துட்டுக் கேட்டேன். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சண்டை, பேச்சுவார்த்தை இல்லையாம். அவ, புருஷன் வீட்ல இருக்காருன்னு நினைச்சு வடக்கே கடலோரத்துக்கு ஓய்வெடுக்கப் போயிட்டா. அவர், பொண்டாட்டி அடுத்த வாரம்தான் கிளம்பறான்னு நினைச்சுப் பாட்டுக் குழுவோட மலையேறப் போயிட்டார்.

"அம்மா போன் பண்ணினா?"

"அப்பா குளிக்கிறார்னு சொல்லுவோம்."

"அப்பா பண்ணினா?"

"அம்மா குளிக்கிறாங்கன்னு."

"ஏண்டா, இப்படி முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாமா? உண்மையைச் சொன்னா என்ன?"

டில் தரையைப் பார்த்துக்கிட்டுச் சொன்னான்: "சொன்னா ரெண்டு பேரும் வந்துடுவாங்க. வந்தா சண்டை போடுவாங்க. இந்த வாரம்தான், தாத்தா, எங்க வீடு அமைதியா இருந்துச்சு."

ஆனாலும் பெரியவன்னு ஒருத்தன் வேணுமே. ரெண்டு பேருக்கும் நானே போன் போட்டேன். அவர் "ஏன், அவ அங்க இல்லையா?"ன்னார். அவ "ஏன், அவர் அங்க இல்லையா?"ன்னா. "ரெண்டு பேரும் குளிக்கிறாங்க"ன்னு பழக்கதோஷத்துல நானும் சொல்லிட்டேன். அப்புறம் விளக்கிச் சொன்னேன், ரெண்டு பேரும் ராத்திரிக்குள்ள வந்து சேர்றாங்க. பிள்ளைங்க இப்ப என் சமையலறையில பருப்பும் சாசேஜும் சாப்பிட்டுக்கிட்டு இருக்குங்க.

ஆகவே இர்ம்கார்ட், குழப்பம் என் தலையில் இல்லை, மேல்வீட்டில்தான் இருந்தது. உன் அண்ணனுக்கு எல்லாம் தெளிவாகவே இருக்கிறது. அந்த அறை வேண்டாம் என்று நாளைக்கே சொல்லிவிடு.

உனக்கும் உன் வீட்டாருக்கும் கடவுள் நல்ல உடம்பையும், பூனைக்கு நல்ல புத்தியையும் கொடுக்கட்டும்.

உன் அன்பு அண்ணன்,
ஓட்மார் ஷ்வெங்க்

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். எதிர்வீட்டு பிஸ்டரர் அம்மாள் வழிமறித்து, "போன வாரம் உங்க முறையில படியைக் கண்ணாடி மாதிரி துடைச்சிட்டீங்களே! சனிக்கிழமை வரைக்கும் நீங்க தொடவே இல்லையேன்னு உங்க தங்கச்சிக்குச் சொல்ல இருந்தேன், நல்லவேளை சொல்லலை" என்றாள். என் முறையா? அது ஹேபர்லே முறை அல்லவா? திரும்பி வந்து ஸ்வென்யாவைக் கேட்டேன்.

"முறைப் பலகை போன வாரம் முழுக்க உங்க கதவுலதான் தொங்குச்சு, தாத்தா. கோணலா இருக்குன்னு நீங்களே நேராக்கி வச்சுட்டுப் போவீங்க. படியை மட்டும் மறந்துட்டீங்க. நீங்க போன்ல பேசறது மேல வரைக்கும் கேக்கும். உங்களைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு டில் ஒரே அழுகை. அதான் ஞாயித்துக்கிழமை நாங்களே துடைச்சோம். பாவம், நீங்க தனியா இருக்கீங்க, பார்த்துக்க வீட்ல யாருமில்லை."

எனவே மேலே 'தெளிவாகவே இருக்கிறது' என்ற வரியை மட்டும் அடித்துவிட்டுப் படி. 'அறை வேண்டாம்' என்ற வரியை அடிக்காதே. மாசக் கடைசியில் நீ வந்து மணியடித்தாலும் பிரயோஜனமில்லை. என் குரலையும் டில் இப்போதுதான் பதிவு செய்து முடித்தான், நான் குளித்துக்கொண்டிருப்பேன்.