கறைபடா விரல் கழகம்

வாக்களிப்பது எளிது. பேனா பிடிக்கத் தெரிந்தால் போதும். வாக்களிக்காமல் இருப்பதற்குத்தான் ஒழுக்கம் வேண்டும், தத்துவம் வேண்டும், முடிந்தால் ஒரு செயற்குழுவும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே வாய்த்த மனிதர் மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில் ஒருவர்தான் இருந்தார். பாச்சாங்கில், ஒரு மூலை வீட்டில் இருந்தார். பெயர் தர்மேந்திரன்.

பத்து பெரண்டாம் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கண்காணிப்பாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வேலைக்காலம் முழுவதும் அவர் செய்தது ஒன்றுதான். பழுதானதைக் கண்டுபிடித்து ஓரமாக வைத்தார். ஓய்வுபெற்ற பிறகு ஓரமாக வைக்க எதுவும் கிடைக்காமல் தவித்தார். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதும் அந்தக் குறை தீர்ந்தது. தொகுதியின் வேட்பாளர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தார். எல்லோரையும் ஓரமாக வைத்தார்.

"எவனுக்குப் போட்டாலும் அவன் பண்ற தப்புல நமக்கும் பங்கு வந்துரும்," என்று தேநீர்க் கடையில் அறிவித்தார். "போடலன்னா பங்கில்ல. சுத்தம்."

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருவர். வீடு வாங்கி விற்கும் தரகர் புவனேஸ்வரன், பள்ளி வேன் ஓட்டும் தங்கராஜு. இரண்டாவது தேநீர் வருவதற்குள் அவர்கள் முறையே செயலாளரும் பொருளாளருமாக ஆகியிருந்தார்கள்.

வாக்களித்தவர்களின் விரலில் மை பூசுவது வழக்கம். மை என்பது கறை. தலைவர்களிடம் கறைபடாத கையைத் தேடித் தேடிச் சமூகம் களைத்துப் போயிருந்தது. கறைபடாத விரலையாவது காட்டுவோம் என்றார் தர்மேந்திரன். 'கறைபடா விரல் கழகம்' அப்படித்தான் பிறந்தது.

உறுதிமொழியை அவரே எழுதினார்: "வாக்கு அளிக்க மாட்டோம் என்று இதனால் வாக்கு அளிக்கிறோம்." எழுவாய் பயனிலை எல்லாம் சரி, ஆனால் விரதம் அதே வாக்கியத்தில் முறிந்துவிடுகிறதே என்று ஒரு தமிழாசிரியர் சுட்டிக்காட்டினார். அவர் கழகத்தில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை.

தங்கராஜுவுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

"அண்ணே, நாம போயி எல்லாக் கட்டத்துலயும் கோடு போட்டுட்டு வந்துட்டா என்ன? செல்லாத ஓட்டு. அதுவும் எதிர்ப்புதானே?"

"அதுக்கும் வரிசையில நிக்கணும்லா," என்றார் தர்மேந்திரன்.

இந்தப் பதிலின் ஆழம் அன்று யாருக்கும் விளங்கவில்லை.

வீட்டில் அவருடைய மனைவி கமலவேணி ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். அலோர் காஜா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பிறந்ததைப் பதிய வேண்டிய காலத்தில் அப்பாவுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை இருந்தது. அதனால் கமலவேணிக்குக் கிடைத்தது சிவப்பு அடையாள அட்டை. சிவப்பு அட்டைக்காரர் இந்நாட்டில் பிறக்கலாம், தைக்கலாம், வரி கட்டலாம், சாகலாம். குடிமகள் என்று சொல்லிக்கொள்ளவும் வாக்களிக்கவும் முடியாது. குடியுரிமைக்கு அவர் போட்ட மனுக்கள் எல்லாம் பரிசீலனையில் இருந்தன. அவை எப்போதும் பரிசீலனையில்தான் இருந்தன.

"என்னங்க, அந்த ஓட்ட நீங்க போடப் போறதில்லதானே?"

"இல்ல."

"அப்ப எனக்குக் குடுங்க."

தர்மேந்திரன் நாளிதழை மடித்தார்.

"ஓட்டு என்ன கறிவேப்பிலையா, கேட்டவங்களுக்குக் கிள்ளிக் குடுக்க?"

"நீங்கதான் போயி போடணும். ஆளை நான் சொல்றேன். பாசார்ல கண்ணாடி போட்ட பொண்ணு ஒண்ணு பேசுச்சே, நம்ம தொகுதியில நிக்குதே, அதுக்கு. சிவப்பு ஐசிக்காரவங்களப் பத்தி வாயத் தெறந்தது அது ஒண்ணுதான்."

"இப்பப் பேசும். ஜெயிச்சதும் மறந்துரும்."

"மறந்தா மறக்கட்டும். ஒரு தடவ நானும் போட்டேன்னு இருக்கும்ல."

"வேணி, நான் வாக்கு குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"கழகத்துக்கு."

கமலவேணி ஊசியில் நூல் கோத்தார். "கழகத்துக்கு மட்டும் குடுக்கலாமாக்கும்," என்றார்.

தர்மேந்திரன் அசையவில்லை. கொடுத்த வாக்கையும் அவர் மீறவில்லை, கொடுக்காத வாக்கையும் கொடுக்கவில்லை. தமிழில் ஒரே சொல்லை இவ்வளவு சிக்கனமாகக் கையாண்டவர்கள் குறைவு.

இதற்கிடையில் கழகத்துக்கு ஒரு நெருக்கடி வந்தது. தொடக்க விழாவுக்கு ஒரு முன்மாதிரி தேவைப்பட்டது. விரலில் மையே படாத, முதிர்ந்த ஒருவர். உறுப்பினர்களில் அப்படி யாரும் இல்லை. எல்லோரும் ஏதோ ஒரு தேர்தலில் சறுக்கியிருந்தார்கள். செயலாளரே ஒரு காலத்தில் ஒரு கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டியவர்.

"அண்ணே, நம்ம அக்கா இருக்காங்களே," என்றார் புவனேஸ்வரன். "ஒரு தடவகூடப் போட்டதில்ல."

"அவளுக்கு ஓட்டே இல்லப்பா. சிவப்பு ஐசி."

"அது காரணம்லா. நாம விரலத்தானே பாக்கறோம்."

தர்மேந்திரன் யோசித்தார். தொழிற்சாலையிலும் அப்படித்தான். பொருள் சுத்தமாக இருந்தால் போதும், அது ஏன் சுத்தமாக இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. ஒப்புக்கொண்டார்.

உணவகம் ஒன்றின் மாடியில் விழா நடந்தது. கமலவேணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'வாக்குத் துறவி' என்ற பட்டமும் வாழ்நாள் உறுப்பினர் தகுதியும் வழங்கினார்கள். விரலைத் தூக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள்.

"எத்தனையோ தேர்தல் வந்து போச்சு," என்று ஒலிவாங்கியை நீட்டினார் புவனேஸ்வரன். "எப்படிக்கா இவ்வளவு உறுதியா இருந்தீங்க?"

"அவங்க விடல தம்பி," என்றார் கமலவேணி.

கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. இவ்வளவு அடக்கமான ஏற்புரையை யாரும் கேட்டதில்லை.

இறங்கும்போது அவர் ஒன்று கேட்டார். "உறுப்பினருன்னா கூட்டத்துல கை தூக்கலாமா?"

"தாராளமா தூக்கலாம்க்கா. எல்லா உரிமையும் இருக்கு."

தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் கூடியது. 'ஏனையவை' என்ற பகுதி வந்தபோது கமலவேணி எழுந்தார்.

"தலைவரு குடுத்த வாக்குலேருந்து அவர விட்டுரணும். அவரு போயி ஓட்டு போடலாம்னு கழகம் சொல்லணும். இதான் என் தீர்மானம்."

செயலாளர் சட்டவிதியைப் புரட்டினார். அவசரத்தில் ஒரு பூப்பந்துச் சங்கத்தின் விதிகளைத்தான் பெயர் மாற்றி வைத்திருந்தார்கள். வாக்களித்தவர்களில் எந்தப் பக்கம் அதிகமோ அதுவே முடிவு என்று அதில் இருந்தது. வேறு வழியில்லாமல் தீர்மானத்தை முன்வைத்தார்.

"ஆதரிக்கறவங்க?"

கமலவேணி கையைத் தூக்கினார்.

"எதிர்க்கறவங்க?"

ஒருவரும் அசையவில்லை. தர்மேந்திரன் பக்கத்தில் குனிந்தார். "தங்கராஜு, கையத் தூக்குப்பா."

"எப்படிண்ணே? தூக்கினா அது ஓட்டு. சத்தியம் பண்ணியிருக்கோம்லா."

"நீயாவது தூக்குடா," என்றார் புவனேஸ்வரனிடம்.

"நீங்க மொதல்ல தூக்குங்கண்ணே."

தர்மேந்திரனின் கை மேசைக்கு அடியில் கொஞ்சம் துடித்தது. கொள்கை அதைப் பிடித்து வைத்தது. ஒன்றுக்குச் சுழியம் என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது.

"அக்கா, முடிஞ்சிருச்சு. கைய எறக்கலாம்."

"இருங்க தம்பி," என்றார் கமலவேணி. "இப்பதான் மொத தடவ."

இப்படியாகத் தர்மேந்திரன் தம் வாக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். வரலாற்றில் ஒரு கொள்கைவாதிக்கு இவ்வளவு ஒழுங்கான விடுதலை கிடைத்ததில்லை. உறுதிமொழி இல்லை. தடை இல்லை. கழகத்தின் முழு ஆதரவு இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், "சரி, நீ சொல்ற பொண்ணுக்கே போட்டுர்றேன்," என்றும் சொன்னார்.

தேர்தல் நாள் காலையில் கமலவேணி அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டார். குடிமக்களுக்குரிய அவருடைய நீல அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். தாமும் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டார். வாக்குச்சாவடியான பள்ளியின் வாசல்வரை போகச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை.

தர்மேந்திரன் சோபாவில் சாய்ந்திருந்தார்.

"மழ வர்ற மாதிரி இருக்கு வேணி."

கமலவேணி வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். "கொட இருக்கு."

"கார் நிறுத்த எடம் கெடைக்காது."

"ரெண்டு ஜாலான் தள்ளித்தானே ஸ்கூலு. நடந்து போலாம்."

"சாப்ட்டுட்டுப் போலாம்."

சாப்பிட்டார். சாப்பிட்டபின் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் மைவிரலோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"இப்பக் கூட்டமா இருக்கும்," என்றார். "கொஞ்சம் கொறையட்டும்."

கூட்டம் குறைந்தது. மாலையானது. பள்ளியின் கதவைச் சாத்தினார்கள். கமலவேணி வாசலோரத்து நாற்காலியில் அதே புடவையோடு உட்கார்ந்திருந்தார். கடைசிவரை மழை பெய்யவில்லை.

அன்று அந்த வீட்டில் இருவர் வாக்களிக்கவில்லை. ஒருவருக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மற்றவருக்குச் சோபா இடம் கொடுத்தது.