மறுக்கத் தெரியாத ஆமாங்க அண்ணன்

யாரையும் மறுத்துப் பேசாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் திருச்செங்கோட்டில் என்னோடு ஒரே அறையில் குடியிருந்தார். பெயர் ஏதோ இருந்தது; ஊருக்கு அவர் 'ஆமாங்க' அண்ணன்.

ஓட்டலில் தோசை சொல்லியிருப்பார். சர்வர் பொங்கலை வைத்துவிட்டு, இதுதானுங்களே கேட்டீங்க என்பார். ஆமாங்க என்று சாப்பிட்டுவிடுவார். முடி வெட்டும் கடையில் பேச்சுவாக்கில், மீசையையும் எடுத்துடலாமுங்களா என்று கேட்டுவிட்டார்கள். அன்றைக்கு அறைக்குத் திரும்பியவரை வாசலிலேயே நிறுத்தி, யாரைப் பார்க்கணும் என்று நானே விசாரித்தேன்.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர், முதுகு போனதும் லேப்டாப்புக்கு மாறினார். எங்கேயோ இருக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் ஓர் இணையதளத்தில் கேள்விகளைப் போடுவார்கள். ஒவ்வொரு வரிக்கும் 'முற்றிலும் ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஏதாவது ஒன்றை அழுத்தி இவரைப் போன்றவர்கள் பதில் சொன்னால் கூலி வரும். அண்ணனுக்குச் சோறே அதில்தான். நமக்கெல்லாம் அது வெறும் கேள்வித்தாள். அவருக்கோ எதிரே யாரோ உட்கார்ந்து கேட்பதாக நினைப்பு. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டுதான் பதில் சொல்லவே உட்காருவார்.

வம்பு அங்கேதான் வந்தது. தூங்கி வழிந்துகொண்டு பதில் சொல்பவர்களைப் பிடிக்க நடுவில் ஒரு வரி வைப்பார்கள்: 'கவனமாகப் படிக்கிறீர்கள் என்றால், இங்கே "முற்றிலும் மறுக்கிறேன்" என்பதை அழுத்தவும்.' அண்ணன் 'ஓரளவு மறுக்கிறேன்' என்பதை அழுத்திவிட்டு வருவார். செய்த வேலை செல்லாது என்று திரும்பிவரும். இன்னொரு தடவை இப்படி ஆனால் கணக்கை மூடிவிடுவோம் என்று எச்சரிக்கையே வந்துவிட்டது.

நான் கத்தினேன். கேட்கிறவரே அழுத்தச் சொல்லும்போது உங்களுக்கு என்னண்ணா வந்தது என்றேன்.

"அவரு சொல்லுவாரு சாமி. அதுக்காவ முன்னப்பின்ன தெரியாத மனுசன, மூஞ்சிக்கு நேரா முற்றிலும்னு எப்படிச் சொல்றது? சங்கடப்பட மாட்டாரா?"

இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்ய! அடுத்த வேலைக்கு நானே பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பொறி வரி வந்தால் கையைப் பிடித்தாவது அழுத்த வைத்துவிடுவதென்று முடிவு.

நாலைந்து கேள்விகள் ஒழுங்காகப் போயின. அப்புறம் ஒரு வரி வந்தது: 'எனக்கென்று யாரும் இல்லை.'

நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதை டப்பென்று அழுத்தினார். இதற்கு மட்டும் எப்படிண்ணா மனசு வந்தது என்று கேட்டேன்.

"பொய் சொல்லக் கூடாதில்ல சாமி. நீதான் பக்கத்துல உக்காந்திருக்கறயே."

அந்தச் சூட்டோடு, அடுத்து வந்த பொறி வரியையும் தைரியமாக அழுத்திவிட்டார். கணக்கு மூடப்படாமல் தப்பியது. அந்த ஊருக்குப் பிழைக்கத் தனியாக வந்தவன் நான். எனக்கும் அங்கே ஒருவர் இருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.