குறை சொல்ல வந்த ஓட்டையார்

கடவுளே நேரில் வந்து நின்றால் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஓட்டையார் மட்டும் ஒரு சுற்று சுற்றி வந்து முதுகுப்பக்கம் பார்ப்பார். பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இங்க கொஞ்சம் பூச்சு உதுந்துகீது" என்பார். கடவுளும் வெட்கப்பட்டுத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், கும்மிடிப்பூண்டியில் தகர வாளி செய்யும் ஒரு கொட்டகையில் நாங்கள் வேலை பார்த்தோம். கொட்டகை என்று சொன்னால் மேனேஜருக்குக் கோபம் வரும். போர்டில் தொழிற்சாலை என்றுதான் எழுதியிருந்தது. செய்து முடித்த வாளியில் தண்ணீர் நிரப்பி, ஒழுகுகிறதா என்று பார்ப்பது ஓட்டையாரின் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

வாளி ஒழுகினால் அவருக்குச் சந்தோஷம். ஒழுகாவிட்டால் முகம் வாடிப் போகும். பக்கத்தில் குந்திக்கொண்டு, பீடியைப் பற்றவைத்து, "எங்க போயிடப் போற, வா" என்று வாளியைப் பார்த்தபடியே இருப்பார். பாதி வாளிகள் அந்தப் பார்வை தாங்காமலே ஒழுகியிருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

மேனேஜர் இதற்கு நேர் எதிர். அவருக்கு உலகத்தில் எதுவுமே பழுது கிடையாது. எதைக் காட்டினாலும் "அனுப்பு" என்பார். ஒருநாள் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

"மெதுவாத்தானேய்யா ஒழுகுது? கிணத்துலேருந்து வீட்டுக்குப் போறதுக்குள்ள என்ன கொட்டிடப் போவுது? அனுப்பு."

"அப்ப கிணத்தாண்ட ஊடு இருக்கறவங்களுக்கு மட்டும் வித்துடுங்க சார்."

வாளியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆயுத பூஜை அன்று மேனேஜர் பொரிகடலை கொடுத்துவிட்டு, நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று உருக்கமாகப் பேசினார். எங்களில் சிலருக்குக் கண்கூடக் கலங்கியது. ஓட்டையார் கையைத் தூக்கினார்.

"ஒரே குடும்பம்னா, சாயங்காலம் போசொல்ல கேட்ல எதுக்கு சார் இடுப்பத் தடவிப் பாக்கறீங்க?"

பொரியை யாரும் மெல்லவில்லை.

ஆணி அறையும் முனுசாமி விவரம் தெரியாமல் தனக்குப் பெண் பார்க்கும் வைபவத்துக்கு அவரை அழைத்துக்கொண்டு போனான். பெண் வீட்டுக் கேசரியில் அவர் குறை காணவில்லை என்று எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டபோது, பெண்ணின் அப்பா, "பையன் எப்படிங்க?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டார். ஓட்டையார் முனுசாமியை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல பையன்தான். ஆனா இவன் வேலைல பாதி என்னாண்டயே திரும்பி வருது" என்றார். சம்பந்தம் கைவிட்டுப் போனது. முனுசாமி அதற்குப் பிறகு அவரோடு டீக்கடைக்கும் போகவில்லை.

இவ்வளவு பேசுகிறவரின் சட்டைப் பொத்தான் தினமும் ஒன்று மாற்றிப் போட்டிருக்கும். ஒருமுறை முனுசாமி அதைச் சொல்லிக் காட்டினான். "அது எனக்குத் தெரியும்டா. ஒனக்குத் தெரியாததத்தான் நான் சொல்லுவேன்" என்றார்.

நான் மீஞ்சூர் பக்கத்துக் கிராமம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எனக்குப் பேச்சு வராது. எழுதுவது கொஞ்சம் சுலபம், எதிரில் யாரும் நிற்பதில்லை. அங்கே நான் வாளிக்குக் கைப்பிடி மாட்டும் தற்காலிகத் தொழிலாளி. காலையில் ரயிலைப் பிடித்து வந்து கேட்டில் நிற்க வேண்டும். கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் சோற்றுத் தூக்கைப் பிரிக்காமல் அடுத்த ரயிலில் ஊர் திரும்ப வேண்டும். பகலில் திரும்பி வரும் என்னைப் பார்த்ததும் என் மனைவி உலையில் போட எடுத்த அரிசியில் கொஞ்சத்தை மறுபடி பானையில் கொட்டுவாள்.

இந்த நிலையில்தான் கைப்பிடிப் பிரிவில் ஒருவரை நிரந்தரமாக்கப் போவதாகச் செய்தி வந்தது. மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் காகிதம் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. என் வயிற்றில் பால் வார்த்த அதே வாயால், "எதுக்கும் ஓட்டையாரை ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றார்.

முனுசாமியின் கேசரி என் நினைவுக்கு வந்தது.

ஓட்டையார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். என்னை ஒரு சுற்று சுற்றினார்.

"பேச மாட்டான் சார். அதான் இவனாண்ட பெரிய கொற. கைப்பிடி கோணலா வந்தாகூட கோணலா கீதுன்னு சொல்ல மாட்டான். அவனே நிமித்தி மாட்டுவான்."

"அப்படியா?" மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நேரம் முடிஞ்சப்புறம் நில்லுன்னா நிப்பான். எதுக்குன்னு கேக்க மாட்டான்."

"கூலி ஏத்திக் கேப்பானா?"

"அதுக்கு வாயத் தொறக்கணுமே சார்."

"சங்கம் கிங்கம்?"

"கூட்டத்துல கடைசில நிப்பான். கையத் தூக்கச் சொன்னா, பக்கத்துல இருக்கறவன் தூக்குனானான்னு பாப்பான்."

ஒவ்வொரு குறைக்கும் மேனேஜரின் முகம் ஒரு படி மலர்ந்தது. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

ஓட்டையாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சார், நான் கொற சொல்லிக்கினு கீறேன்."

"தெரியுதுய்யா. இன்னும் ரெண்டு இருந்தா சொல்லு."

வேறு யாராக இருந்தாலும் சிரித்துக்கொண்டு வெளியே போயிருப்பார்கள். நான்கூட மனதுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். ஓட்டையார் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கையெழுத்த அடிங்க சார். ஓட்டை வாளியாத் தேடி வாங்கறவன் தண்ணி மொள்ள வாங்கல. இவன வேற எதுக்கோ எடுக்கறீங்க."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. "அப்ப கிழிச்சிடட்டா?" என்று காகிதத்தைக் கையில் எடுத்தார்.

"கிழிங்க" என்றார் ஓட்டையார்.

அடுத்து வந்த சத்தம் யாருடையது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"கிழிக்காதீங்க சார்! நீ சும்மா இருண்ணா! இன்னாத்துக்கு நடுவுல பூந்து பேஜாரு பண்ற? ஒனக்கு இன்னா, வாளியப் பாத்துக்கினு குந்திகினு இருப்ப! என் ஊட்ல உல வைக்கணும்!"

வெளியே தகரம் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. முனுசாமி கதவருகே வந்து எட்டிப் பார்த்தான். மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

ஓட்டையார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எந்த ஓட்டை வாளிக்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

"பாருங்க சார், பேசறான்!"

"பேசமாட்டான்னு நீதானேய்யா இப்ப சொன்ன?"

"அப்ப பேசல. இப்ப பேசிட்டான். அந்தக் கொற போச்சி. நீங்க தாராளமா எடுத்துக்கலாம்."

ஏமாந்துபோன முகத்தோடு மேனேஜர் காகிதத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஆனால் ஒருமுறை போட்ட கையெழுத்தை அடிக்கும் வழக்கம் அவர் வாழ்க்கையிலேயே கிடையாது. பெருமூச்சு விட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "அனுப்பு" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் முனுசாமி என் தோளைத் தட்டினான். "இன்னிக்குத்தான்டா அந்த ஆளுக்கு ஒருத்தன் சரியாக் குடுத்தான்" என்றான். ஓட்டையார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னிடம், "கத்துனதெல்லாம் சரிதான். கடைசில அழுவற மாதிரி ஆயிடுச்சி பாரு, அது நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு என்னை நல்லவன், தங்கமானவன் என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதைச் சொல்லுமுன், அவர் அளவுக்கு என்னை நின்று பார்த்தவர் யாரும் இல்லை.