டார்க் வாத்தியார்

பெட்ரோல் பங்கில் காரை நிறுத்திவிட்டு, "டீசல்!" என்று அடுத்த ஊர்வரை கேட்கும்படி சொல்லி, சொன்னது பெட்ரோல் போட நிற்பவர்கள் காதில் விழுந்ததா என்று ஒரு சுற்றுப் பார்க்கிறாரே ஒருவர், அவரை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? டீசல்காரர் என்று அவருக்குப் பெயர். டீசல் விற்கிறவர் அல்ல, வாங்குகிறவர் எல்லோரும் அல்ல. லாரி ஓட்டுகிறவர் இந்த இனத்தில் சேரமாட்டார்; அவருக்கு அது பிழைப்பு. தன் டீசல் கார், பந்தயத்துக்கென்றே பெற்று வளர்த்த பெட்ரோல் காரைக்கூட முந்திவிடும் என்று நம்புகிறவரும், அந்த நம்பிக்கையைத் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவரும்தான் அசல் டீசல்காரர்.

அவரிடம் போய், "வண்டி எப்படிங்க ஓடுது?" என்று கேட்டுவிடாதீர்கள். உங்கள் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸும் போய்விடும். மைலேஜ் என்ன என்று மட்டும் கேட்கவே கூடாது. பெண்ணின் படிப்பைச் சொல்ல வந்தவரிடம் பெண் எத்தனை இட்லி சாப்பிடும் என்று கேட்ட மாதிரி முகம் சுண்டிப்போகும். "மைலேஜ் பாக்குறவன் மொபெட்டு வாங்கணும் தம்பி. டார்க் என்னன்னு கேளு!" என்பார். கேட்டுத்தான் தீர வேண்டும். டார்க் என்றால் இருட்டு அல்ல; சக்கரத்தைத் திருப்ப இன்ஜின் கொடுக்கிற விசை.

நம் டெல்டாவில் இந்த இனம் எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நம் பக்கத்துச் சாலைகளில் வேகம் என்பது இரண்டு வேகத்தடைகளுக்கு நடுவே டிரைவர் மனதில் தோன்றி மறையும் ஓர் எண்ணம். நாற்பதைத் தொட்டால் நாய் வரும், ஐம்பதைத் தொட்டால் ஆடு வரும், அறுபதைத் தொட்டால் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு அறுவடை மிஷின் வரும். இந்த ரோட்டில் ஓட்டுவதற்குத்தான் நாமும் நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்று விசாரித்து வண்டி வாங்குகிறோம். நமக்கு ஆசைக்கு என்ன குறை?

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்று வேண்டுமென்றால் நன்னிலத்துக்குப் பக்கத்தில் இளையபெருமாள் இருக்கிறார். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். பள்ளிக்கூடம் போக மிச்ச நேரத்தில் விவசாயம். பாட்டனார் பிறத்தியார் வயலில் நாற்று நட்டவர். பேரன் சொந்த வயலில் நட்டு, சொந்தக் காரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அந்தப் பெருமிதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பதினோராம் வகுப்பில் திருப்பு விசைப் பாடம் வந்தால் அதை முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதற்கு அவருக்கு மனம் வராது. பிள்ளைகள் 'டார்க் வாத்தியார்' என்று பெயர் வைத்தார்கள். கேலி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், யாராவது அப்படிக் கூப்பிட மாட்டார்களா என்று கொஞ்சம் மெதுவாக நடப்பார்.

காலையில் வண்டியைக் கிளப்பியதும் கிளம்பமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்பார், கச்சேரியில் ஆலாபனை கேட்கிற மாதிரி. கடகடவென்று தெருவே அதிரும். "கேட்டியா? ரெண்டாயிரம் சுத்துக்குள்ளேயே மொத்த சக்தியும் வந்து நிக்குது!" என்பார். கேட்க அங்கே காக்கை மட்டும்தான் இருக்கும். ஒரு தடவை அவர் ஆக்சிலேட்டரை மிதித்த மிதியில் பின்சீட்டில் இருந்த தேங்காய் டிக்கிக்குள் போய்விட்டதாகச் சொன்னார். அதை நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொன்னது அவர்தான். நான் சொல்லியிருந்தால் தேங்காய் உரிபட்டுப் போயிருக்கும்.

இவருக்கு ஓர் எதிர்க்கட்சி வேண்டாமா? வாய்த்தது. கூடப் படித்த ஜாஃபர் சாதிக், ஷார்ஜாவில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, சிவப்பாக, தரையோடு தரையாக, டர்போ வைத்த பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார். பெட்ரோல்காரர் இனம் டீசல்காரரைவிட உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்தக் காரின் வயிறு தேயும். தேயும்போதெல்லாம் ஜாஃபர் சாதிக்கின் முகம், தன் வயிறே தேய்வது போல் கோணும். ஆனால் வாய்?

"டேய் பெருமாளு, உன் வண்டி கிளம்புறப்ப ஆளைத் தள்ளும், ஒத்துக்கிறேன். ஒரு கூப்பிடு தூரம் போனதும் மூச்சு வாங்கிரும்டா. என்னுது அப்பத்தான் பாடவே ஆரம்பிக்கும்" என்பார் டீக்கடையில்.

"பாட்டுப் பாடுறதுக்கு ரேடியோ இருக்கு. ரோட்டுல முந்துறதுக்கு டார்க் வேணும். நெல்லு மூட்டை தூக்குறவன் தோள் மாதிரிடா டீசலு."

"மூட்டை தூக்குறவனை ஏன்டா ஓட்டப்பந்தயத்துக்குக் கூட்டியாற?"

டீக்கடை சிரித்தது. இளையபெருமாளும் சிரித்தார், சிரிக்கும்போதே, அது நல்ல கேள்விதான் என்று உள்ளுக்குள் பட்டது. படக்கூடாததெல்லாம் இப்படித்தான் சமயம் பார்த்துப் படும்.

இந்தச் சண்டையில் உண்மையாக நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தது மலர்க்கொடி. இளையபெருமாளின் மனைவி. அவளுடைய அம்மா மாயவரத்தில் தனியாக இருக்கிறார்; கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. "ஞாயித்துக்கிழமை போவோம்" என்பார் இவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் உரம் போட வேண்டும், அல்லது டார்க் பற்றிப் பேச வேண்டும். அவள் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள். ஒரு நாள் சத்தமில்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸும் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். சாவி மட்டும் கிடைக்கவில்லை. "இது டர்போ மலரு. மிதிச்சா பாஞ்சிரும். உன்னால அடக்க முடியாது" என்று முடித்துவிடுவார். தேங்காய் கதையை அவளிடம்தான் முதலில் சொன்னார் என்பதை இப்போது புரிந்துகொள்வீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை மாயவரத்துக்குக் கிளப்பியே விட்டாள். வழியில் டீக்கடை. அங்கே ஜாஃபர் சாதிக்கும் மாயவரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பிறகு கேட்பானேன்?

"உன் மாமியார் வீட்டு வாசல் வரைக்கும் பாத்துருவமா?" என்றார் அவர்.

"பாத்துருவோம்" என்றார் இவர்.

மலர்க்கொடி கண்ணாடியை இறக்கினாள். "சாதிக் அண்ணே, நீங்கதான் சாட்சி. டீசலு ஜெயிச்சா நான் சாவிப் பேச்சையே எடுக்கலை. தோத்துச்சுன்னா சாவி எனக்கு. சரியாங்க?"

டீக்கடை மொத்தமும் இளையபெருமாளைப் பார்த்தது. முடியாது என்றால் டீசல்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். டீசல்காரர் அதற்கு மட்டும் உடன்படமாட்டார். "சரி!" என்றார்.

பந்தயம் எப்படி நடந்தது என்று கேட்கிறீர்கள். முதல் மூன்று வேகத்தடைவரை டீசல் முன்னால் போனது, பெட்ரோலுக்கு வயிற்று வலி என்பதால். பிறகு ஒரு நேர்ரோட்டில் சிவப்புக் கார் பாட ஆரம்பித்தது. சர்ரென்று முந்தி, கையசைத்துவிட்டுப் போனது. இளையபெருமாள் மிதித்தார். வண்டி கடகடத்தது. "உங்க டார்க்கு இன்னும் வரலையா?" என்று கேட்டாள் மலர்க்கொடி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் குரலில். நல்லவேளை, ரயில்வே கேட் மூடியிருந்தது. அத்தனை குதிரைசக்தியும் ஒரு குட்டியானை லோடு வண்டிக்குப் பின்னால் வரிசையில் நின்றது. நம் ஊரில் எல்லா வண்டிக்கும் வேகத்தை நிர்ணயிப்பவர் கேட்கீப்பர்தான்.

இளையபெருமாளுக்கு மூளை வேலை செய்தது. பக்கத்தில் வாய்க்கால் ரோடு பிரிகிறது. அதில் போனால் தண்டவாளத்துக்கு அடியிலேயே வழி உண்டு. வெடுக்கென்று ஒடித்தார். ஜாஃபர் சாதிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் அறுத்த வயல், நடுவில் ஒரே ஒரு வண்டி போகும் ரோடு. இனி யாரும் முந்த முடியாது. "இது என் ஏரியா!" என்று இளையபெருமாள் ஸ்டீயரிங்கைத் தட்டினார். வளைவு திரும்பினார். மிதித்தார் பாருங்கள் பிரேக்கை!

ரோட்டை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் அல்ல, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை, பாய் விரித்த மாதிரி. இந்தப் பக்கம் பாறாங்கல், அதற்குமேல் கருவேல முள். ஒரு பெண் தலைத்துண்டோடு காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"எவன்டா இது, ரோட்டை அப்பன் வீட்டுக் களமா நெனச்சது!" என்று கத்திக்கொண்டே இறங்கினார்.

"வாங்கண்ணே" என்றாள் அவள். கண்ணாத்தாள். அவருக்குத் தூரத்துத் தங்கை முறை. அவருடைய வயலைப் பார்த்துக்கொள்கிறவள். "நீங்க போன்ல சொன்னபடியே அடைச்சுப் போட்டுட்டேன். 'எந்தப் பய வண்டியும் என் நெல்லு மேல ஏறப்படாது, முள்ளை வெட்டிப் போடு'ன்னீங்கள்ல? காலையிலேருந்து ஒரு பைக்கைக்கூட விடலை."

கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பிய நெல். முந்தாநாள் அவரே சொன்ன யோசனை, பந்தய வேகத்தில் மறந்துபோயிருந்தது. ஊரார் ரோட்டில் நெல் போட்டால் பொதுநலம் பேசுகிறவர், தன் நெல் என்றதும் முள் வெட்டச் சொன்னார். நாம் எல்லோரும் அப்படித்தான்; ரோட்டில் கிடப்பது யார் நெல் என்று தெரிகிறவரை நியாயம் பேசுவோம்.

பின்னால் வந்து நின்ற ஜாஃபர் சாதிக்குக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "ஏறுடா பெருமாளு! டார்க்கு இருக்குல்ல? உன் நெல்லுதானே, நசுக்கிட்டுப் போ!"

அப்போதுதான் கிழக்கே இடி உருண்டது. மாசி மாதத்தில் வரக்கூடாத மழை. முதல் துளி பானட்டில் தட்டென்று விழுந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் பந்தயம் நினைவில்லை. இளையபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டினார். ஜாஃபர் சாதிக் கூலிங் கிளாஸைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நெல் தள்ளும் பலகையை எடுத்தார். முள்ளை இழுத்து எறிந்தார்கள், கல்லை உருட்டினார்கள், நெல்லை வாய்க்கால் ஓரமாகக் குவித்துக் குவித்துத் தள்ளினார்கள். தார்ப்பாய் விரிக்க வேண்டிய இடத்தில் காரின் மூக்கு நீட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணே, வண்டி இடைஞ்சலா நிக்குது!" என்றாள் கண்ணாத்தாள்.

இரண்டு கையிலும் நெல். மழை வலுக்கிறது. ஒரு போகத்துப் பாடு நனையப் போகிறது. அந்த நிமிஷத்தில் டார்க் எங்கே, டர்போ எங்கே? "மலரு! சாவி அதிலேயேதான் இருக்கு, வண்டியை எடு! எடுத்து அந்தாண்ட போ!" என்று அவரே கத்தினார்.

அவள் எடுத்தாள். வண்டி பாயவில்லை, துள்ளவில்லை. நெல் ஒதுங்கிய இடத்தில் பதவிசாக நுழைந்து அந்தாண்ட போனது. போனது போய்க்கொண்டே இருந்தது. "போதும்! நிப்பாட்டு!" என்று இவர் நெல் ஒட்டிய கையை ஆட்டினார். தண்டவாளத்துப் பாலத்துக்கு அடியில் பின்விளக்கு ஒரு தடவை சிவந்து மறைந்தது.

நெல் நனையாமல் தப்பித்தது. அதன்பிறகு டீசல்காரர், தொப்பலாக நனைந்து, பெட்ரோல் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து மாமியார் வீட்டுக்குப் போனார். வழியில் வண்டி சீறியபோது நன்றாகத்தான் இருந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை.

மாமியார் வீட்டு வாசலில் டீசல் நின்றுகொண்டிருந்தது. உள்ளே மலர்க்கொடி அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா, மருமகனை மங்கலாகப் பார்த்து, "யாரு, வண்டி கழுவுற ஆளா?" என்றார்.

"ஒத்துக்கிறேன்டா" என்றார் ஜாஃபர் சாதிக். "உன் டீசலுதான் முன்னாடி வந்திருக்கு."

இளையபெருமாளின் முகம் அரை நிமிஷம் மலர்ந்தது. அப்புறம்தான் கணக்கு உறைத்தது. டீசல் தோற்றது என்றால், பேச்சுப்படி சாவி அவளுக்கு. டீசல் ஜெயித்தது என்றால் சாவி இவருக்கு. ஆனால் ஜெயித்தபோது ஓட்டியது யார் என்று டீக்கடை கேட்கும்.

மலர்க்கொடி சாவியை மேஜைமேல் வைத்தாள். "நீங்களே சொல்லுங்க. டீசலு ஜெயிச்சுதா, தோத்துதா?"

தோற்றது என்று சொல்ல வாய் திறந்தார். வரவில்லை. நீங்கள் அவர் வாயில் கம்பி விட்டு நெம்பினாலும் அந்தச் சொல் வராது.

"ஜெயிச்சுது" என்றார் மெல்ல.

"அப்ப சரி. சாவியை எடுத்துக்குங்க. டீக்கடையில கேட்டா, அடக்க முடியாத வண்டியை நான் மழையில அடக்கிக் கொண்டாந்து ஜெயிச்சேன்னு சாதிக் அண்ணன் சொல்லிக்குவாரு."

"சாட்சிக்காரன் பொய் சொல்லப்படாதுல்ல தங்கச்சி?" என்றார் அவர்.

இளையபெருமாள் சாவியைக் கையில் எடுத்தார். சட்டையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தார். சொட்டு மருந்துக் குப்பியைப் பார்த்தார். பிறகு சாவியை அவள் பக்கமே நகர்த்திவிட்டு, பாதி தோல்வியைப் பாடமாக மாற்றுகிற வாத்தியார் குரலில் சொன்னார்: "டீசல்ல அதுதான் மலரு விசேஷம். கத்துக்குட்டி ஓட்டினாலும் முந்திரும். டார்க் அப்படி!"

இப்போதும் டீக்கடையில் அதையேதான் சொல்கிறார். மலர்க்கொடி வெளியே ஹாரன் அடித்தால் பாதி வாக்கியத்தில் எழுந்து ஓடுகிறார், அவள் காத்திருப்பதில்லை.

சரி, நீங்கள் எப்படி? பெட்ரோல் வண்டி நேர்ரோட்டில் முந்தியது என்று நான் எழுதிய இடத்தில், "அவருக்கு கியர் மாத்தத் தெரியலை" என்று உங்கள் வாய் முணுமுணுத்ததா? இல்லை, வேகத்தடையில் டீசல் முன்னால் போனது என்ற இடத்தில், "அதெல்லாம் கணக்கில் சேராது" என்றதா? இரண்டில் எது என்றாலும், வீட்டில் யார் கைப்பையிலாவது லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை ஒரு தடவை மாட்டிப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.