சின்னதாய்ப் போன கில்ட்டும் பதினொரு ஊசிகளும்

வளர்வது பெரிய கெட்டித்தனம் அல்ல. சோறு போட்டால் யாரும் வளர்வார்கள். ஆனால் "வளர்ந்துவிட்டாய்" என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும். எனக்கு அந்த ஆள் இல்லாததால், நான் வளர்ந்த செய்தியை என் பள்ளிக்கூடப் பாவாடையான ஒரு கில்ட்தான் எனக்குச் சொன்னது. பதிலுக்கு அந்தக் கில்ட்டுக்கு நான் செய்த கொடுமையை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், டோர்செட் பார்க்கில் ஒரு கட்டடத்தின் எட்டாம் மாடியில் நானும் அப்பாவும் இருந்தோம். அம்மா, படுக்கையில் கிடந்த தன் தகப்பனைப் பார்த்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார். அப்பாவுக்குக் காலையில் தொழிற்சாலை, மாலையில் ரெஸ்ரோரண்ட். நான் பள்ளிக்கூடத்தால் வந்தால் டிவியில் வானிலை சொல்லும் பெண்தான் துணை. "நாளைக்குக் குளிர், கோட் போடுங்கள்" என்பாள். ஓம், போடுகிறேன் என்று சத்தமாகப் பதில் சொல்வேன். (சிரிக்க வேண்டாம். அந்த ஊரில் என் குளிரைப் பற்றிக் கவலைப்பட்டவள் அவள் ஒருத்திதான்.)

சீருடை இல்லாத பள்ளிக்கூடத்தில் படிப்பு ஏறாது என்பது அப்பாவின் நம்பிக்கை. கனடாவில் சீருடை கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களில்தான் உண்டு. ஆகவே பிள்ளையாருக்கு விளக்கு வைத்துவிட்டு நான் மாதாவின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே பெண்பிள்ளைகளுக்குக் கில்ட். பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்டு, முன்பக்கம் தட்டையாக, பின்பக்கம் மடிப்பு மடிப்பாக, இடுப்பில் சுற்றிப் பக்கத்தில் வாரால் பூட்டுகிற ஸ்கொட்லாந்துக்காரரின் பாவாடை.

ஒன்பதாம் வகுப்பில் வாங்கியது. பதினோராம் வகுப்பில் வார் கடைசி ஓட்டைக்கு வந்துவிட்டது. மூச்சை இழுத்துப் பூட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இடமில்லை. நீளமோ முழங்காலுக்கு மேலே நாலு விரற்கடை. என் இடுப்பு பெருத்துவிட்டது என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சொல்வதற்கு முன் செத்துப்போகலாம் என்றிருந்தது.

மற்றப் பெண்கள் கில்ட்டை இடுப்பில் சுருட்டி வேண்டுமென்றே குட்டையாக்குவார்கள். எனக்கு அந்த நாகரிகம் தானாகவே வாய்த்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ரீச்சர் என்னை நடைபாதையில் மறித்து, சுருட்டியதை இறக்கு என்றார். இறக்க ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை படம் எடுக்கிற நாள், முழங்கால் மறையாமல் வராதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் படம்தான் எனக்கு உயிர். மூன்று வருஷமாக என்னைக் காணாத அம்மா, யூனிபோமோடு ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தார்.

ஊரில் எங்கள் வெள்ளைச் சட்டையின் அடியில் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் அம்மா ஒன்றை அவிழ்த்துவிடுவார். சட்டையும் என்னோடு வளரும். கில்ட்டின் அடியைப் பார்த்தேன், மடிப்பு இல்லை. பின்பக்கம் பார்த்தேன், முப்பதுக்குக் குறையாத மடிப்பு. ஸ்கொட்லாந்துத் தாய்மார் எவ்வளவு முன்யோசனைக்காரிகள் என்று வியந்தேன். இடுப்பை அகலமாக்கினால் கில்ட் கீழே இறங்கி முழங்காலை மூடும் என்று கணக்குப் போட்டு, ஞாயிறு மத்தியானம் அப்பாவின் சவர பிளேட்டை எடுத்து, இடுப்புப்பட்டியையும் கழற்றி, தையல் முழுவதையும் அறுத்தேன்.

கில்ட் போய்விட்டது. நிலத்தில் நாலு யார் நீளத் துணி கிடந்தது. எந்தக் கட்டம் எந்தக் கட்டத்தோடு மடிந்தது என்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

அப்பா அன்று லீவு. குளித்துவிட்டு வந்தவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எப்ப பிள்ளை இவ்வளவு வளந்தனீ?" என்றார், நான் அவருக்குச் சொல்லாமல் எங்கோ போய்வந்த மாதிரி. பிறகு, "அழாதை. சீலைக்குக் கொய்யகம் பிடிக்கிற மாதிரித்தானே உதும்," என்றார்.

அப்பா வாழ்நாளில் சேலை கட்டிக் கொசுவம் மடித்தவர் அல்ல. ஆனாலும் முழங்காலில் நின்று, வேட்டி கட்டிய அனுபவத்தை வைத்து, எல்லா மடிப்பையும் கொண்டுவந்து முன்பக்கம் குவித்துப் பதினொரு சட்டை ஊசிகளைக் குத்திப் பூட்டினார். முழங்கால் மறைந்தது. வயிற்றில் ஒரு தலையணை முளைத்தது.

திங்கட்கிழமை என் முறை வந்தது. ஸ்டூலில் இருந்தேன். சிரி என்றார் படம் எடுப்பவர். ஊசி ஒன்று திறந்து என் வயிற்றில் இறங்கியது. அந்தக் கணத்தில் வெளிச்சம் மின்னியது. துள்ளி எழுந்தேன், மிச்ச ஊசிகளும் வேலையை விட்டுவிட்டன. உள்ளே விளையாட்டுக்குப் போடும் அரைக் களிசான் போட்டிருந்தபடியால் மானம் பாதி தப்பியது. துணியை அள்ளிக்கொண்டு வரிசையைத் தாண்டி நடந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். என் பெயரே தெரியாதவர்கள் மரியாதையாக விலகி வழி விட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

படம் வந்தது. மார்புக்கு மேலே மட்டும். (கில்ட்டே தெரியாது. ஒரு சாக்கைச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம்.) கண் இரண்டும் பிதுங்கி, வாய் பாதி திறந்து, பேயைக் கண்டவள் போல இருந்தேன். அப்பாவோ கண் வடிவாய் முழித்திருக்கிறது என்று சொல்லி, பின்னால் "பிள்ளை நல்ல சுகம்" என எழுதி அனுப்பிவிட்டார்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. அங்கே உன்னை யாராவது அடிக்கிறார்களா, அப்பாவுக்குத் தெரியாமல் எழுது என்று கேட்டிருந்தார் அம்மா. கில்ட்டின் கதையை எழுதலாம் என்று பேனா எடுத்தேன். அதை எழுதினால் டிவிப் பெண்ணையும் எழுத வேண்டும். பின்னேரங்களை எழுத வேண்டும். நான் தனியாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும். ஆகவே, "நல்ல சுகமாக இருக்கிறேன்" என்று எழுதினேன். அடிக்கிறார்கள் என்று அம்மா உறுதியாக நம்பியது அதற்குப் பிறகுதான்.

இரண்டு வருஷம் கழித்து விமான நிலையத்தில் வந்திறங்கிய அம்மா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. என் சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பு தேடினார். அப்பா காரை எங்கே விட்டோம் என்று தேடப் போயிருந்த நேரத்தில், ஒரு வாங்குப் பலகையில் இருத்தி முழுக் கதையையும் சொன்னேன். கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று கண்ணீர் மட்டும் வந்தது.

"ரெண்டு வருசம் நித்திரையில்லாமல் கிடந்தன் பிள்ளை. ஒரு ஊசிக்கோ?"

இப்போது அம்மா வோபர்னில், நான் றிச்மண்ட் ஹில்லில். போனில் சுகமாயிருக்கிறேன் என்றால் நம்பமாட்டார். "ஊசி குத்தேல்லையே?" என்று கேட்பார். என் பிள்ளைகளும் இப்போது அதையே கேட்டுச் சிரிக்கிறார்கள். அம்மாவுக்குப் பெரும்பாலும் இல்லை என்பேன். சில நாட்களில், "கொஞ்சம் குத்துதம்மா," என்பேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் போனை வைத்துவிட்டு, பஸ் மாறி மாறி வந்து கதவைத் தட்டுவார்.