ஓர்லாவும் கடித அலுமாரியும்

மனித குலத்தின் முன்னேற்றத்தைப் பற்றி இனி யாராவது வரலாறு எழுத உட்கார்ந்தால், நமுனுகுல மலைச்சரிவில் உள்ள ஆர்ட்லின் தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், இருக்கும் கடித அலுமாரிக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆகவேண்டும். நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் என்ற வரிசையில் அடுத்து நிற்கத் தகுந்தது அதுதான். மூன்று தட்டு, கண்ணாடிக் கதவு, ஒரு பூட்டு. பூட்டின் சாவி பெரிய கிளாக்கர் புவனேந்திரன் ஐயாவின் சட்டைப் பையில் இருந்தது.

அலுமாரிக்கு முந்திய காலத்தை இருண்ட காலம் என்றே சொல்லவேண்டும். தபால் பையைச் சுமந்து வரும் யாகோப்பு, காலைப் பெரட்டில் ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும்போது, கல்லின் மேல் ஏறி நின்று கடிதங்களைக் கூப்பிட்டுக் கொடுப்பார். தோட்டத்தில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில், முந்நூற்றுப் பதினெட்டுக் குடும்பங்கள். எல்லாருக்கும் விலாசம் ஒன்றே: ஆர்ட்லின் தோட்டம், நமுனுகுல. ஜீவராஜ் என்று மட்டும் நான்கு பேர் இருந்தார்கள். யாகோப்பு உறையைப் பார்ப்பார், அனுப்பியவர் ஊரைப் பார்ப்பார், பிறகு "ரேடியோ ஜீவராஜ்" என்றோ "பல்லு போன ஜீவராஜ்" என்றோ கூப்பிடுவார். இருபத்தாறு வருடங்களில் அவர் ஆள் மாற்றிக் கொடுத்ததில்லை. ஆனாலும் அதில் விஞ்ஞானம் கிடையாது.

விஞ்ஞானத்தின் தேவை பெப்ரவரியில் உணரப்பட்டது. யாகோப்பு காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில் கந்தோருக்கு வந்த கடிதம் ஒன்று, எட்டு மாதம் கழித்துக் கொழுந்து நிறுக்கும் தராசின் காலடியில் கிடைத்தது. தராசு ஆடாமல் இருக்க யாரோ அதை நான்காக மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். தராசு அந்த எட்டு மாதமும் மிகச் சரியாக நிறுத்தது என்பதையும் இங்கே சொல்வதே நியாயம்.

உடனே "கடித விநியோக நவீனமயமாக்கல் உபகுழு" அமைக்கப்பட்டது. அதன் கூட்டக் குறிப்பை எழுதியவள் கம்சலா. கந்தோரில் சின்ன கிளாக்கர் வேலை, வயது இருபத்திரண்டு, செவ்வாயும் வியாழனும் பதுளையில் மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தாள். எதையும் படிப்படியாக இலக்கமிட்டு எழுதி வைக்கும் பழக்கம் அவளுக்கு. எழுதியது சரிதானா என்று மூன்று முறை பார்க்கும் பழக்கமும் உண்டு. அன்றைய குறிப்பின் ஐந்தாம் பிரிவை அவளே செதுக்கினாள்: "கணினியில் பதிவாகி, கணினி அச்சிட்ட துண்டுடன் அல்லாது, எக்காரணம் கொண்டும் எக்கடிதமும் அலுமாரியை விட்டு வெளியேறலாகாது." "எக்காரணம் கொண்டும்" என்ற சொற்கள் பெரிய கிளாக்கருக்கு மிகவும் பிடித்துப் போயின. அதன் கீழே கோடு போடச் சொன்னார்.

கணினிக்கான பொறுப்பை மாலை வகுப்பு ஆசிரியர் சிதம்பரநாதன் சேர் ஏற்றுக்கொண்டார். பதுளைப் பஸாரில் அவர் குடும்பத்துக்குப் பாத்திரக் கடை இருந்தது. கடையின் மேல்மாடியில் வகுப்பு. எல்லாரும் பயன்படுத்துவதைப் பயன்படுத்துகிறவன் அடிமை என்பது அவர் கொள்கை. ஆகவே அவர் பயன்படுத்தியது "ஓர்லா". பின்லாந்தில் யூக்கா என்ற ஒருவர், ஓய்வு நேரத்தில், தனியாக உருவாக்கிய இயங்குதளம். உலகம் முழுவதும் நானூற்றுப் பதினொரு பேர் அதைப் பயன்படுத்தினார்கள். சேர் சேர்ந்ததும் நானூற்றுப் பன்னிரண்டு ஆனது. ஆசியாவில் அதன் வளர்ச்சி நூறு வீதம் என்று அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்.

கடிதப் பதிவுக்கான மென்பொருளும் தயாராக இருந்தது. கொழும்பில் அடுக்குமாடி வீடுகளுக்கு வரும் கடிதங்களைப் பிரிப்பதற்காகச் சேரின் மச்சான் எழுதியது. அது ஓர்லாவில் ஓடாது. அவ்வளவுதான் குறை. அதை ஓர்லாவுக்கு மாற்றி எழுதும் பணி கம்சலாவிடம் வந்தது.

"சேர், ரெண்டு கிழமைல முடியுமா? அதுவரைக்கும் கடிதமெல்லாம் அலுமாரிலதான் கிடக்கும்," என்று அவள் கேட்டாள்.

"ரெண்டு கிழமையா? என்னங்க நீங்க. ஓர்லா அஞ்சு நிமிசத்துல ஏறிரும்."

ஓர்லா ஐந்து நிமிடத்தில் ஏறியிருக்கும். ஆனால் அது நிறுவப்படும் முன், ஆங்கிலத்தில், பணிவோடு ஒரு கேள்வி கேட்கும்: "பழையன யாவும் அழியும். நிச்சயமா?" கம்சலா யோசித்தாள். பழையன யாவும் என்றால் எவை? அழிந்தபின் தேவைப்பட்டால்? உண்மையைச் சொல்வதானால் அவளுக்கு நிச்சயமில்லை. எனவே நேர்மையாக "இல்லை" என்பதை அழுத்தினாள். ஓர்லா நன்றி சொல்லிவிட்டு அணைந்தது. இப்படி ஏழு நாள் நடந்தது. அவளுடைய கொப்பியில் "படி 4: நிச்சயமா என்று யோசிக்கவும்" என்பது ஏழு முறை எழுதப்பட்டிருக்கிறது. எட்டாம் நாள் சேர் தானே கந்தோருக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு "ஆம்" என்று அழுத்தினார். அன்று முதல் தோட்டத்துக் கந்தோர் நானூற்றுப் பதின்மூன்றாவது ஆனது.

அடுத்து தமிழ். கம்சலா தன் பெயரைத் தட்டினாள். திரையில் நான்கு சிறிய சதுரங்கள் தோன்றின.

"பாருங்க, தமிழ் வந்திருச்சு," என்றார் சேர். "உருவம் மட்டுந்தான் வரல."

உருவம் வர ஐந்து வாரம் பிடித்தது. அதற்குள் அலுமாரியின் முதல் தட்டு நிறைந்து இரண்டாம் தட்டுத் தொடங்கியிருந்தது. காலைப் பெரட்டில் யாகோப்பு கல்லின் மேல் ஏறி, "கடுதாசி வந்திருக்கு, ஆனா இல்ல," என்று அறிவித்துவிட்டு இறங்கினார். ஆட்கள் அவரைத்தான் ஏசினார்கள்.

மே மாத நடுவில், வகுப்பில் பக்கத்தில் உட்காரும் றஷீதா ஓர் உறையைக் காட்டினாள். ஆசிரியப் பயிற்சிக்கு இருவரும் சேர்ந்தே விண்ணப்பித்து, சேர்ந்தே பரீட்சை எழுதியவர்கள். றஷீதாவுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது. ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு நேரம். கடிதத்தைக் கையில் கொண்டுவராதவர் உள்ளே விடப்படமாட்டார் என்று அடியில் தடித்த எழுத்தில் இருந்தது.

"ஒனக்கும் வந்திருக்கும். நீதான் என்னைவிட மார்க் கூட," என்றாள் றஷீதா. "தோட்டத்துல கேட்டுப் பாத்தியா?"

கேட்கவே தேவையில்லை. கம்சலாவின் மேசைக்கு நேர் எதிரே அலுமாரி. இரண்டாம் தட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு விளம்பரம் ஒன்றின் கீழிருந்து, பழுப்பு நிற அரசாங்க உறையின் மூலை வெளியே தெரிந்தது. மறுநாள் அவள் பெரிய கிளாக்கரின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, அந்த ஒரு கடிதத்த மட்டும் பேரு பாத்துட்டு வச்சிரட்டுமா?"

புவனேந்திரன் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கூட்டக் குறிப்பை எடுத்து, ஐந்தாம் பிரிவை வாசித்தார். கோடு போட்ட இடத்தில் நிறுத்தினார்.

"இது யாரு எழுதுனது?"

"நான்தாங்க ஐயா."

"நல்லா எழுதியிருக்க. நானே நெனச்சாலும் மீற வழியில்ல பாரு." அவர் குரலில் உண்மையான மரியாதை இருந்தது. "நீ சீக்கிரம் அந்த ஓர்லாவ முடி. கடிதம் எங்க ஓடிரப்போகுது?"

பயிற்சிக் காரியாலயத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். கடிதம் அனுப்பியாயிற்று, திகதி கடிதத்தில் இருக்கிறது என்று அங்கிருந்து அன்பாகச் சொன்னார்கள்.

கம்சலா கொப்பியில் புதுப் பக்கம் திருப்பினாள். பத்தே நாளில் மென்பொருளை ஓர்லாவில் ஓடவைத்தாள். மிச்சம் இருந்தது துண்டு அச்சிடுவதுதான். ஓர்லாவில் அச்சிட வழி இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சேர் பின்லாந்துக்கு எழுதினார். யூக்கா உடனே பதில் போட்டார்: ஓர்லாவில் அச்சிடவேண்டும் என்று இதுவரை உலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை, தமக்குக் கண் கலங்கிவிட்டது, 1993ஆம் ஆண்டு மொடல் பிரின்டர் ஒன்று கிடைத்தால் முயன்று பார்க்கலாம். அந்த மொடல் பிரின்டர், உலகத்தில் வேறு எங்கும் இல்லாவிட்டாலும், தோட்டத்துத் தொழிற்சாலையின் பழைய சாமான் அறையில் இருந்தது. தேயிலைத் தூளைத் தட்டி, ரிப்பனுக்கு மை விட்டு, ஜூன் முதல் வாரத்தில் அது கறகறவென்று உயிர் பெற்றது. பெரிய கிளாக்கர் எல்லாருக்கும் பிளேன்டீ வரவழைத்தார்.

இனிப் பெயர்களைப் பதிவதுதான். சோதனைக்காக முதலில் யாகோப்பின் பெயரையும் விலாசத்தையும் இட்டாள். ஓர்லா ஏற்றுக்கொண்டது. அடுத்துத் தன் பெயரும் விலாசமும். "இந்த விலாசக்காரர் ஏற்கெனவே உள்ளார், நன்றி," என்றது ஓர்லா. தான் ஏதோ தவறாக அழுத்திவிட்டதாக நினைத்துக் கம்சலா தொடர்ந்தாள். மூன்று நாளில் முந்நூற்றுப் பதினெட்டுக் குடும்பங்களையும் இட்டு முடித்தாள். திரையின் அடியில் மொத்தம் வந்தது: கடிதம் பெறுவோர், ஒருவர்.

அவள் இயந்திரத்தைச் சந்தேகிக்கவில்லை. தன்னைத்தான் சந்தேகித்தாள். முழுவதையும் மறுபடி இட்டாள். ஒருவர்தான்.

சேர் தொலைபேசியில் பொறுமையாகக் கேட்டார். "அது கொழும்பு வீட்டுக்குச் செஞ்சதுங்க. ஒரு விலாசத்துக்கு ஒரு ஆள்தான் எடுக்கும். நீங்க வீட்டு நம்பரப் போடுங்க."

"வீட்டு நம்பர் இல்ல சேர். லயத்துக் கதவுல, டெங்குக்குப் பொக அடிக்க வந்தவங்க சோக்கட்டியால எழுதுன நம்பர்தான் இருக்கு. மழைல அதும் போயிருச்சு."

"அப்ப ஓர்லா சரியாத்தானே சொல்லுது," என்றார் சேர். இயங்குதளத்தின் மேல் பழி விழவில்லை என்ற நிம்மதி அதில் இருந்தது.

ஜூன் பதினொன்றாம் திகதி மாலை, துண்டு அச்சானது. ஒரே துண்டு. நானூற்று எண்பத்தாறு கடிதங்களும் யாகோப்பு என்பவருக்கு உரியவை என்று அது சொன்னது. ஐந்தாம் பிரிவின்படி பெரிய கிளாக்கர் அலுமாரியைத் திறந்தார். யாகோப்பை அழைத்து, அவ்வளவு கடிதங்களையும் ஒரு சாக்கில் போட்டு ஒப்படைத்துக் கையெழுத்துக் கேட்டார்.

யாகோப்பு பயந்துபோனார். "ஐயா, எனக்குக் கடுதாசி போட ஆளே இல்லீங்களே. இம்புட்டும் எனக்கா?"

"சிஸ்டம் சொல்லுது. நீ கையெழுத்த வையி."

யாகோப்பு கையெழுத்து வைத்தார். கம்சலா சாக்கிலிருந்த அந்தப் பழுப்பு உறையைப் பார்த்தாள். சட்டப்படி அது இப்போது யாகோப்புடைய கடிதம். கேட்கலாமா, கேட்டால் விதிமீறலா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள், அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்.

மறுநாள் காலை யாகோப்பு கல்லின் மேல் ஏறினார். ரேடியோ ஜீவராஜ், பல்லு போன ஜீவராஜ், மேல்லயத்துப் பெரியாயி, மத்தியகிழக்குக்குப் போன பிரான்சிஸ்காவின் அம்மா என்று, மழை தொடங்குமுன் நானூற்று எண்பத்தாறையும் உரியவர் கையில் கொடுத்து முடித்தார். ஒன்றும் ஆள் மாறவில்லை. "ஓர்லா முறையின் கீழ், ஒரு மணி நேரம் ஐந்து நிமிடத்தில், நூற்றுக்கு நூறு விநியோகம்" என்று உபகுழுவின் அறிக்கை பெருமையோடு பதிவு செய்திருக்கிறது.

பழுப்பு உறையை மட்டும் அவர் கூப்பிடவில்லை. இறங்கி வந்து நீட்டினார்.

"இந்தா பிள்ள. ஒன்னோடது."

கம்சலா கிழித்து வாசித்தாள். நேர்முகத் தேர்வு ஜூன் பதினொன்று, காலை ஒன்பது மணி. இன்று பன்னிரண்டு. திகதியை மூன்று முறை பார்த்தாள்.

ஆனாலும் பஸ் ஏறிப் போனாள். காரியாலயத்தில் இருந்த உத்தியோகத்தர் நல்லவர். உட்காரச் சொன்னார், உறையைத் திருப்பிப் பார்த்தார், வருத்தப்பட்டார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். "தங்கச்சி, இனிமேல் விண்ணப்பம் போடும்போது தோட்டத்து விலாசத்தைப் போடாதீங்க. சொந்த விலாசத்தைப் போடுங்க," என்று புத்தியும் சொன்னார். கம்சலா "சரிங்க" என்றாள். அவருடைய படிவத்தில் விலாசத்துக்கு மூன்று கோடுகள் இருந்தன. அவளிடம் இருந்ததோ ஒன்றரைக் கோட்டுக்குத்தான் காணும்.

சேர் நடந்ததை எழுதி அனுப்ப, இரண்டு நாளில் பின்லாந்திலிருந்து யூக்கா பதில் எழுதினார். முந்நூற்றுப் பதினெட்டுக் குடும்பங்களுக்கு ஒரே விலாசம் இருக்கும் என்று தாம் கற்பனை செய்யாதது தம் தவறு என்று மன்னிப்புக் கேட்டார். தாம் எழுதாத அந்த மென்பொருளைத் திருத்தியும் அனுப்பியிருந்தார்: லயம் இலக்கம் ஒரு கட்டம், வீட்டு இலக்கம் ஒரு கட்டம். ஆக, இன்றைய நிலையில் ஆர்ட்லின் தோட்டத்து ஒவ்வொரு வீட்டுக்கும் பின்லாந்தில் தனி விலாசம் இருக்கிறது. திருத்தத்தைப் பதிவு செய்யப் பிழை அறிக்கை ஒன்றை மட்டும் நிரப்பித் தருமாறு அவர் கேட்டிருந்தார்.

கம்சலா படிப்படியாக நிரப்பினாள். பிழை முதலில் கவனிக்கப்பட்டது எப்போது? "பாட்டனுக்குப் பாட்டன் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்து இறங்கியபோது." யாரிடமெல்லாம் முறையிடப்பட்டது? "வாக்குக் கேட்டு வந்த எல்லாரிடமும்." தற்போதைய நிலை? "பரிசீலனையில்." பாதிக்கப்பட்டோர் தொகை என்ற கட்டத்தை ஓர்லா தானாகவே நிரப்பி வைத்திருந்தது: ஒருவர். அதை அழித்துவிட்டு எழுதத் தொடங்கி, இடம் போதாமல், "தோட்டத்துக்குத் தோட்டம் எண்ணிக்கொள்ளவும்" என்று முடித்தாள். கடைசிக் கட்டம், பிழை இருக்கும் இடம். "ஓர்லாவில் அல்ல" என்று எழுதினாள்.

அறிக்கை போகுமுன் ஓர்லா வழக்கம்போலப் பணிவோடு கேட்டது: "நிச்சயமா?"

கம்சலா கொப்பியைப் பார்க்கவில்லை. சேரிடம் கேட்கவில்லை. "ஆம்" என்பதை அழுத்தினாள்.